உஷார்! மலைமேல் பிடிக்கும் நெஞ்சு சோடாவுக்கு அடங்காது

விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்களுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கும் அவசரமாக ஒரு சேதி. ஜீப்பில் போகும்போதோ செடிக்கடியில் குனிந்து காய் எடுக்கும்போதோ யாருக்காவது நெஞ்சைப் பிடித்தால், அதை வாயு என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். வாயுவாகவே இருக்கட்டும். அதை ஈசிஜி சொல்லட்டும்.

நெஞ்சுவலிக்கு நம்மிடம் யாரும் எழுதி வைக்காத ஒரு வைத்திய வரிசை இருக்கிறது. முதலில் சோடா. கேட்கவில்லையா, ஓமத்தண்ணி. அடுத்து நெஞ்சிலும் முதுகிலும் தைலம். அதற்குப் பிறகு மெடிக்கலில் கேஸ் மாத்திரை. நடுவில், “ராத்திரி சாப்பிட்டது சேரல மதினி, சித்த நேரம் படுத்து எந்திரிங்க, சரியாப் போகும்” என்று ஆறுதல். யாருமே கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இந்த வரிசை முடிவதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது. மாரடைப்பில் உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்த மணி நேரங்கள்தான்.

ஏன் அவ்வளவு அவசரம்? இதயம் மூடிய கையளவு தசை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. மலையேறினால் இன்னும் பல மடங்கு. வலது பக்கம் கெட்ட ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கம் அங்கிருந்து வரும் நல்ல ரத்தத்தை உடம்புக்கு அனுப்பும். இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தனக்குள் நிரம்பி வழியும் ரத்தத்தை இதயத்தசை அப்படியே உறிஞ்சிக்கொள்ள முடியாது. ஊர் வயலுக்கெல்லாம் மடை திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்கும் தன் வயலுக்குத் தனி வாய்க்கால் வேண்டும் அல்லவா? அதுபோல மகா தமனி தொடங்கும் இடத்திலேயே பிரிந்து, இதயத்தின் மேல் படர்ந்து ஓடும் மெல்லிய கரோனரி ரத்தக்குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. முக்கியமானவை மூன்று. சில மில்லிமீட்டர் அகலம்தான்.

அந்தக் குழாயின் உள்சுவரில் பல வருடமாகக் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கிறது. புண்ணானது என்று நினைத்து உடம்பு அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது. நிமிடங்களில் குழாய் அடைபடுகிறது. இதில் ஒரு ஏமாற்று உண்டு: வெடிக்கும் படிவு குழாயில் பாதியைக்கூட அடைத்திராத சின்னப் படிவாக இருக்கலாம். அதனால்தான் நேற்றுவரை மூட்டை தூக்கியவர், போன மாதம் டிரெட்மில்லில் ஓடிப் பார்த்து ‘நார்மல்’ வாங்கியவர், இன்று சாய்கிறார். அடைபட்ட அரைமணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரம் போனால் காப்பாற்ற மிச்சம் கொஞ்சம்தான். செத்த தசை திரும்ப முளைப்பதில்லை. பிழைத்தவருக்கும் அதன்பின் படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

இப்போது நம் மலையைப் பாருங்கள். முந்தலில் தொடங்கி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு அப்பால் கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டங்கள். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வரவே நடை. பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அகமலைப் பக்கத்து மலைக்கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்துவிட்டோம்! கீழே வந்தால் போடி அரசு மருத்துவமனை. அதையும் தாண்டி, தேனி கடந்து க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மதுரையோ போடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். நகரத்துக்காரர் அரைமணி நேரம் சோடாவுக்குச் செலவழித்தாலும் அதை ஆம்புலன்ஸில் ஈடுகட்டலாம். மலையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. சாயங்காலம்தான் ஜீப் திரும்பும் என்று காலையில் பிடித்த நெஞ்சோடு செடிக்கடியில் உட்கார்ந்திருப்பது தற்கொலைக்குச் சமம்.

வேளையும் எதிரிதான். மாரடைப்பு அதிகம் வருவது காலை ஆறிலிருந்து நண்பகலுக்குள் என்று உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். விழித்ததும் ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. குளிர் சேர்ந்தால் குழாய்கள் இன்னும் சுருங்கும். மார்கழிக் குளிரில், வெறும் வயிற்றில், வாயில் புகையிலையோடு மலையேறுகிறவர் இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறார். புகைத்தால்தான் கெடுதல், மெல்லுவது பரவாயில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெல்லும் புகையிலையிலும் நிகோடின் இருக்கிறது. அதுவும் அழுத்தத்தை ஏற்றி நாடியை விரட்டும்.

நம் மாவட்டத்து மண்ணின் மைந்தர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்து, ‘எதிர்நீச்சல்’ தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமான மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8, சென்னை. காலையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தவருக்கு உடம்பு முடியாமல் போனது. வெளியே வந்தார், தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார் என்று செய்திகள் கூறின. உயிர் தங்கவில்லை. ஐம்பதுகளில்தான் இருந்தார். மருத்துவமனைகள் நிறைந்த சென்னையில் இது நடந்தது. அவர் தாமதித்தார் என்று நான் சொல்லவில்லை. உடனே கிளம்பியவர் அவர். அப்படிப்பட்டவருக்கே நேரம் போதவில்லை என்பதைத்தான் மலையில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: நெஞ்சு பிடித்தவர் பைக்கையோ காரையோ தொடவே கூடாது. நடுவழியில் நினைவு தப்பினால் கூட வருகிறவர்களும் போவார்கள். மலைச்சாலையில் சொல்லவே வேண்டாம்.

நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு அலறிச் சாய்வதெல்லாம் சினிமா. நிஜத்தில் நடு நெஞ்சில் கல்லை வைத்து அமுக்கியதுபோல ஒரு பாரம், இடது கையிலோ இரண்டு கையிலுமோ இறங்கும் வலி, தாடை இறுக்கம், முதுகு வலி, குளிர்ந்த வேர்வை. இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தால் மேல்வயிறு வலித்து வாந்தி வரும்; ‘கேஸ்’ என்று ஏமாற வைப்பது பெரும்பாலும் இதுதான். பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும், தாங்க முடியாத அசதியும், குமட்டலும் மட்டுமே வரலாம். பத்து வருடம் சர்க்கரை இருந்தவருக்கு நரம்பு மரத்துப்போய் வலி தெரியாமலேகூட வரும். ஜீப்பில் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதவிடாய் நின்றபின் இதயத்துக்கு இருந்த பாதுகாப்பும் குறைகிறது. ‘பொம்பளைக்கு எங்க ஹார்ட் அட்டாக் வரும்’ என்ற பேச்சு எத்தனை பேரைக் கொன்றிருக்குமோ! வீட்டில் ஆண் நெஞ்சைப் பிடித்தால் வண்டி வருகிறது, பெண் பிடித்தால் வெந்நீர் வருகிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

மருந்தடிக்கும் வேலைக்குப் போனவராக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சில பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினாலும் வேர்வை, வாந்தி, நெஞ்சிறுக்கம், நாடி இறங்குவது எல்லாம் வரும். பார்க்க மாரடைப்பு போலவே இருக்கும். சிகிச்சை முற்றிலும் வேறு. என்ன மருந்து அடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்; முடிந்தால் டப்பாவின் லேபிளைப் படமெடுத்துக் காட்டுங்கள்.

சரி, எங்கே ஓடுவது? ஈசிஜி இருக்கும் மிக அருகிலுள்ள இடத்துக்கு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆம்புலன்ஸ் எண் 108தான். எந்தப் பக்கத்து மையம் எடுத்தாலும் மாநிலம், ஊர், எஸ்டேட், ரோட்டில் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நெடுங்கண்டம் பக்கம் இருந்தால் அங்கே தாலுகா மருத்துவமனை இருக்கிறது. நம்ம ஊருக்கே போய்விடலாம் என்று மலை முழுக்க இறங்கி வராதீர்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் ஆஞ்சியோ செய்வார்கள், அதனால் நேரே மதுரை என்று கிளம்புகிறவர்கள் உண்டு. இது பாதி உண்மைதான். உறைந்த கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் போன்ற ஊசிகள் உண்டு. ஆஞ்சியோ வசதி இரண்டு மணி நேரத்துக்குள் எட்டாது என்றால், பக்கத்து மருத்துவமனையில் ஊசியைப் போட்டுவிட்டு மேலே அனுப்புவதே சரி. இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை, வேலூர் மருத்துவர்களும் சேர்ந்து சின்ன மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு பிணைத்தார்கள். 2,420 நோயாளிகளைப் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆளைச் சரியான வரிசையில் நகர்த்தினார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயும் துணை சுகாதார நிலையத்திலும் முதல் வேளை மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின். அதைக் கொடுத்தபின் மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். முதல் ஈசிஜி நன்றாக இருந்து வலி மட்டும் நிற்கவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்; ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அதிலும் சில மணி நேரம் கழித்துத்தான் மாற்றம் தெரியவரும்.

வாட்ஸ்அப் வைத்தியத்துக்கு வருகிறேன். ‘தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் தொடர்ந்து இருமுங்கள்’ என்று ஒன்று பல வருடமாகச் சுற்றுகிறது. பொய். இருமுகிற நேரத்தில் 108-ஐ அழைத்துவிடலாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நாக்கடி மாத்திரையை வாங்கிப் போடுவது அதைவிட ஆபத்து. சிலவகை அடைப்பில் அது அழுத்தத்தைக் கிடுகிடுவென இறக்கிவிடும். ஏலக்காய் மென்றால் அடைப்பு கரையும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பாயசத்துக்கு மணம் கொடுக்கும். அடைப்பை அசைக்காது. அப்படிக் கரைக்குமென்றால் உலகத்திலேயே ஆரோக்கியமான இதயம் போடிக்காரர்களுடையதாக அல்லவா இருந்திருக்க வேண்டும்!

நினைவிழந்து, மூச்சில்லாமல் கிடந்தால் அது வேறு நிலை. இதயம் தாளம் தப்பி வெறுமனே நடுங்குகிறது, ரத்தம் நகரவில்லை. ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். ஆள் மாற்றி அமுக்கிக்கொண்டே இருங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வாயில் சோடா ஊற்றுவதும் வேண்டாம். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. ஜீப் டிரைவர் அண்ணன்மார்கள் எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

சத்தமில்லாமல் வருகிறவையும் உண்டு. பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றும்போது மட்டும் போடுவது நம் வழக்கம். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது, உண்மை. ஆனால் பகலில் வருகிறவர்கள் காய் எடுக்கும் சீசனில் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் சொல்லி வாங்கி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். இதயம் பலவீனமாகி நீர் கோர்த்தவர்களுக்குக் காலையில் நீர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினால் வழியில் ஒதுங்க இடம் ஏது? வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேளையை மாற்றித் தர வழியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, விரலால் அழுத்தினால் கணுக்காலில் குழி விழுகிறது என்றால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள்.

பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்து சில வாரத்தில் மூட்டு மாறி மூட்டு வீங்கினால் அதுவும் இதயத்துச் சமாசாரம்தான். வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று சொன்னால் மூன்று வாரம்தான். பள்ளி லீவுக்காகத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் காசு மிச்சமாகட்டும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டென்ட் திடீரென அடைத்துவிடக்கூடும். பல் பிடுங்குகிறவர் நிறுத்தச் சொன்னாலும் சரி, வைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் படமெடுத்துக் கூட வேலைக்கு வருகிறவரின் போனிலும் வைத்துவிடுங்கள்.