உங்களுக்குத் தெரியுமா? கோக்குவும் காஞ்சிபுரமும்

‘டிராகன் பால்’ அனிமே தொடரின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, 1996 மார்ச்சில் ஜப்பானில் வெளியான 80 நிமிடப் படம் ‘தி பாத் டு பவர்’. மலைக்காட்டில் தனியே வளரும் வால் முளைத்த சிறுவன் கோக்கு, புல்மா என்ற பெண்ணுடன் டிராகன் பந்துகளைத் தேடிப் புறப்படும் தொடக்கக் கதையை அது புதிதாகச் சொன்னது. அவனுடைய நீளும் கோலும் பறக்கும் மேகமும் 16ஆம் நூற்றாண்டுச் சீன நாவலான ‘மேற்கு நோக்கிய பயணம்’ படைத்த குரங்கரசனுடையவை. நாவலுக்கு வித்திட்டதோ, 7ஆம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடி இந்தியா வந்த துறவி யுவான் சுவாங்கின் உண்மைப் பயணம். கொழும்பு வாசகருக்கு இன்னும் நெருக்கமான செய்தி: காஞ்சிபுரம் வரை வந்த அவர் இலங்கைக்குக் கடல் கடக்க விரும்பினார். காஞ்சிபுரத்தில் சந்தித்த இலங்கைப் பிக்குகள், தங்கள் நாட்டில் பஞ்சமும் குழப்பமும் நிலவுவதாகச் சொல்லவே அந்தப் பயணத்தைக் கைவிட்டார்.