மூன்றாம் கணக்கு: 2024 ஆகஸ்டு 31-க்குள் எதை முடிவு செய்ய வேண்டியிருந்தது?

"விண்ணப்பம் போடாவிட்டால் மூன்றாம் கணக்கு கிடைக்காதா?" மலேசியாவின் மாசாய், கூலாய், குளுவாங் வாசகர்கள் கேட்டபடி இருந்தார்கள். கிடைக்கும். 55 வயதுக்கு உட்பட்ட ஊழியர் சேமநிதி வாரியச் சந்தாதாரர்களுக்கு 2024 மே 11 அன்றே அது திறந்தாகிவிட்டது. புதிய சந்தா 75, 15, 10 விழுக்காடாகத் தானே பிரிந்து மூன்று கணக்குகளிலும் சேர்கிறது. 2024 ஆகஸ்டு 31-உடன் முடிந்தது, இரண்டாம் கணக்கில் ஏற்கெனவே உள்ள பணத்தை இடம் மாற்றும் வாய்ப்பு மட்டுமே.

சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. இரண்டாம் கணக்கில் 12,000 ரிங்கிட் இருந்ததாக வைத்துக்கொள்வோம். விண்ணப்பித்திருந்தால் 4,000 மூன்றாம் கணக்குக்குப் போயிருக்கும். நினைத்த நேரத்தில் எடுக்கலாம். 2,000 முதல் கணக்குக்குப் போய் 55 வயதுவரை பூட்டிக்கிடக்கும். வீட்டுக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் என்றிருந்த 12,000 இனி 6,000 மட்டுமே. ஒப்புக்கொண்டபின் மாற்ற வழியில்லை. இருப்பு 3,000-க்குக் கீழ் என்றால் முதல் 1,000 மட்டும் மூன்றாம் கணக்குக்கு மாறியது. மிச்சம் அப்படியே இருந்தது.

அவசரத்துக்குக் கைகொடுக்கும் திட்டம் என்கிறார்கள். கொடுக்கும் கை அரசுடையது அல்ல, தொழிலாளியின் முதுமையுடையது. இந்த ஏற்பாட்டின் வேர் 1951-இல் இருக்கிறது. போருக்குப் பின் பிரிட்டனில் பிரதமர் கிளமென்ட் அட்லி மக்கள்நல அரசைக் கட்டினார். 1946-இல் தேசியக் காப்புறுதிச் சட்டம், 1948-இல் இலவச மருத்துவம்: நோயையும் முதுமையையும் ஊரே சேர்ந்து சுமந்தது. அதே ஆட்சியின் கடைசி மாதமான 1951 அக்டோபரில், பிரிட்டன் ஆண்ட மலாயாவில் சேமநிதி நிறுவப்பட்டது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. அவரவர் பணம் அவரவருக்கு. பொதுவில் யாரும் யாரையும் தாங்கவில்லை. பால்மரம் வெட்டியவருக்குச் சம்பளம் சொற்பம், சேமிப்பும் சொற்பம். சுதந்திர நாடும் அந்த வழியை மாற்றவில்லை. கோவிட் காலத்தில் மக்கள் தங்கள் சேமிப்பிலிருந்தே 14,500 கோடி ரிங்கிட் எடுத்துச் சமாளித்தார்கள்.

லாப ஈவு குறையுமா? இப்போதைக்கு மூன்று கணக்குக்கும் ஒரே விகிதம்.

மூன்றாம் கணக்கிலிருந்து குறைந்தது எவ்வளவு எடுக்கலாம்? 50 ரிங்கிட்.

பணத்தை இடம் மாற்ற எங்கே விண்ணப்பித்தார்கள்? ஐ-அக்காவுன் செயலியில், அல்லது வாரிய அலுவலக இயந்திரத்தில்.

வீட்டுக் கடனுக்கு இரண்டாம் கணக்கை நம்பியிருந்தவர்கள் விண்ணப்பிக்காமல் இருந்ததே நல்லது. நெருக்கடியில் இருப்பவர்கள் எடுப்பதில் தவறில்லை. 55 வயதில் 2,40,000 ரிங்கிட், அதாவது 20 ஆண்டுக்கு மாதம் 1,000, கையில் இருக்க வேண்டும் என்று 2024-இல் வாரியமே சொன்னது. அதை எட்ட முடியாத சம்பளக்காரருக்குப் பொது ஓய்வூதியம் எங்கே என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள்.