பதினாறு வயதுக்கு எந்த வார்டு?

பதினாறு வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் குழந்தைகள் பிரிவில் சேர்ப்பதா, பெரியவர்கள் பிரிவிலா? படுக்கை ஒதுக்குகிற வேலைதானே என்று தோன்றும். பழைய கேஸ் ஃபைல்களைப் புரட்டிய ஆய்வாளர்களுக்கு, அது உயிர்போகிற விஷயம் என்று தெரிந்தது.

அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வு, 16 முதல் 20 வயது வரையிலான 321 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே நோய்: அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா. குழந்தைகளுக்கான சிகிச்சை முறையில் போனவர்களில் ஏழு ஆண்டுகளுக்குப் பின் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெரியவர்களுக்கான முறையில் 46 சதவீதம். பிரான்ஸ் ஆய்வு ஒன்றும் இதே பக்கம்தான் சாய்ந்தது. குழந்தை மருத்துவர்கள் சில மருந்துகளைக் கூடுதலாகவே கொடுத்தார்கள். நோய் மூளைக்குப் போகாமலிருக்கத் தரும் சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினார்கள். பிரான்ஸில், அடுத்த சுற்று கீமோவைத் தொடங்கவும் அவர்கள் அதிகம் காத்திருக்கவில்லை.

சரி, குழந்தைகள் வார்டிலேயே சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? சுவரெல்லாம் கார்ட்டூன், பக்கத்துப் படுக்கையில் பாட்டிலில் பால் குடிக்கும் பிள்ளை. பெரியவர்கள் வார்டுக்குப் போனால் இருபுறமும் தாத்தாக்கள். பிரிட்டனில் 'டீனேஜ் கேன்சர் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை 1990-ல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இந்த வயதினருக்கென்றே தனிப் பிரிவு திறந்தது இதனால்தான். அங்கே அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் பரீட்சைக் கவலை இருக்கும், முடி கொட்டியிருக்கும். முடிதானே, திரும்ப வளர்ந்துவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் தங்கள் பதினாறாவது வயதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கடினமான கட்டம் மருத்துவமனையை விட்டு வந்த பிறகு தொடங்குகிறது. இந்த லுகேமியாவுக்கு வீட்டிலிருந்தபடியே இரண்டு ஆண்டு போல மெர்கேப்டோபியூரின் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது, பள்ளிக்கும் போயாகிறது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் அன்றைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அம்மா கேட்டால் "போட்டாச்சு". அது உண்மையா என்று பார்க்க அமெரிக்க ஆய்வாளர்கள் மாத்திரை பாட்டிலின் மூடியில் ஒரு சிப் வைத்தார்கள். மூடி திறக்கும் நாளும் நேரமும் அதில் பதிவாகும். நூற்றுக்கு 95 வேளைக்குக் குறைவாக மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடியதாக 2012-ல் எழுதினார்கள். இருபது நாளில் ஒரு நாள் விட்டாலே அந்த விளிம்பில்தான் நிற்கிறோம். 12 வயதைத் தாண்டியவர்கள் சின்னப் பிள்ளைகளைவிட அதிகம் விட்டார்கள். சின்னவர்களுக்கு மாத்திரை ஊட்டுவது அம்மா.

அதட்டினால் இந்த வயது அடங்காது. 'ரீ-மிஷன்' என்ற வீடியோ கேமை உருவாக்கியவர்கள் வேறு வழி பிடித்தார்கள். ராக்ஸி என்ற குட்டி ரோபோ நோயாளியின் உடலுக்குள் பறந்து புற்றுச் செல்களைச் சுடும். 13 முதல் 29 வயது வரை 375 பேரிடம் சோதித்ததில், இதை விளையாடியவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக மருந்து எடுத்தார்கள். விளையாட்டைவிட, மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை யாரோ அவர்களுக்கே நேராகச் சொன்னதுதான் வேலை செய்தது என்று எனக்குப் படுகிறது.

நம் வீடுகளில் அதுதான் நடப்பதில்லை. "புள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்ற வேண்டுகோள் முதலில் வரும். சொல்லாமல் எப்படி முடியும்? சில கீமோ மருந்துகள் பிற்காலத்தில் குழந்தை பெறும் திறனைக் கெடுக்கலாம். வயதுக்கு வந்த பையனின் விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்க முடியும். ஆனால் அதை கீமோ தொடங்குமுன், கிடைக்கும் ஓரிரு நாளுக்குள் கேட்டாக வேண்டும். பக்கத்தில் அப்பா நிற்கும்போது கேட்டால் அவன் தரையைப் பார்ப்பான். அப்பாவைப் பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லும் மருத்துவரிடம்தான் அவன் பதில் சொல்வான்.

பிள்ளையிடம் சொல்லாததால் வரும் இதே சிக்கல் குணமான பின்னும் உண்டு. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பல ஆண்டு கழித்துப் பாதிக்கலாம். அதன் மொத்த அளவைப் பொறுத்து எக்கோ பரிசோதனை எத்தனை ஆண்டுக்கொருமுறை என்று முடிவாகும். அந்த அளவு எழுதியிருக்கும் ஃபைல் அம்மாவின் பீரோவில் இருக்கும். பையன் வேலை கிடைத்து வேறு ஊரில் இருப்பான், அங்கே புது மருத்துவர், "என்ன மருந்து, எவ்வளவு குடுத்தாங்க?" என்று அவனிடம்தான் கேட்பார்.