சிறு காரும் நம் பொறுப்பும்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கீழ்வேளூர். இருமருங்கும் நெல்வயல்கள், இடையிடையே வாய்க்கால்கள், நடுவில் கேடிலியப்பர் திருக்கோயிலின் கோபுரம். ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றம் தொடங்கிச் செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா வரை, வேளாங்கண்ணிக்கு நடந்தே செல்லும் திருப்பயணிகள் கூட்டங்கூட்டமாக இச்சாலையைக் கடப்பர். வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில் நடப்பதும் உண்டு. அதே சாலையில், அவர்களது தோளை உரசும் தூரத்தில், கார்களும் விரைகின்றன.

அக்கார்களுள் ஒரு வகை நம் கருத்தைக் கவருகிறது. பழைய மாருதி 800, சென், ஆல்டோ, சான்ட்ரோ போன்ற சிறு கார்கள் அவை. பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும். நால்வர் அடக்கமாக அமரலாம். இவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, விடுமுறை நாள்களில் தம் கையாலேயே பழுதுபார்த்து, வண்ணம் பூசி, புதுப் பொருள்களைப் பொருத்தி மகிழும் இளைஞர் இன்று நம் பங்குகளிலும் பலர் உளர். பெற்றோர் சிலர் இதனை வீண் செலவென்று கடிந்துகொள்கின்றனர். வேறு சிலரோ, தீய வழிகளில் செல்லாமல் வீட்டு வாசலில் இருக்கிறானே என்று ஆறுதல் கொள்கின்றனர். இவ்விரண்டில் எது சரி? அந்த இளைஞன் காருக்கு என்ன செய்கிறான், யாருக்காகச் செய்கிறான் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பது நம் கருத்து.

ஒரு காரின் கதை

1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் அளித்தார். 796 கன செ.மீ. கொள்ளளவு, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம் என எல்லாமே சிறிய அளவு. அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையுமே கண்டு பழகிய நாட்டில், நடுத்தரக் குடும்பமும் கார் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விதைத்தது இச்சிறு வண்டியே. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் இதன் உற்பத்தி நின்றது.

ஹர்பால் சிங் 2010-இல் மறையும்வரை அந்தக் காரை விற்கவில்லை. அவருக்குப் பின் பராமரிப்பார் இன்றி வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து அது துருவேறிப்போயிற்று. பின்னர் மாருதி நிறுவனமே அதனைப் பெற்று, பழைய நிலைக்குச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்துள்ளது. பேணும் கை இருந்தவரை கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வண்டி, அக்கை ஓய்ந்ததும் சில ஆண்டுகளில் சிதைந்தது. இப்பொழுதுபோக்கின் முதற்பாடம் இதுவே.

கையால் கற்பதன் பெருமையை நம் நாட்டு மேதை ஒருவரும் காட்டியுள்ளார். கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திரக் கலையைக் கற்றார். பின்னாளில் அவர் அடைந்த சிறப்புக்கெல்லாம் அந்த ஆர்வமே வித்து. ஆதலின் வாசலில் ஸ்பேனரோடு அமர்ந்திருக்கும் மகனைக் கண்டவுடன் பழித்தல் ஆகாது.

பழைய ஆடையில் புதுத் துணி

எனினும், மாற்றம் அனைத்தும் முன்னேற்றம் ஆகிவிடாது. பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று நம் ஆண்டவர் கூறிய உவமையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஒரு காரின் உறுப்புகள் யாவும் ஒன்றுக்கொன்று அளவறிந்து அமைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் அதன் சுமை மற்றவற்றின்மேல் விழும்.

முன்விளக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பல்பு 60 வாட் மின்திறன் உடையது. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து அது இழுக்கும் மின்னோட்டம் 5 ஆம்பியர். அதே இடத்தில் 100 வாட் பல்பைப் பொருத்தினால் மின்னோட்டம் 8 ஆம்பியரைக் கடக்கும். மெல்லிய கம்பி சூடேறி அதன் உறை உருகும், தீப்பற்றவும் கூடும். எதிரே வருபவரின் கண்ணும் கூசிப்போகும். அந்த நொடியில் சாலையோரத்தில் நடந்து செல்லும் திருப்பயணியை அவர் காண்பது எங்ஙனம்? அழகுக்காகப் பூட்டிய விளக்கு, முன்பின் அறியாத ஒரு தாயின் உயிரைப் பறிக்கக்கூடும்.

பெரிய சக்கரங்களைப் பூட்டினால், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். திரும்பும்போது டயர் உடல் தகட்டில் உரசும். ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தாழ்த்தினால், மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை உறுதியாகப் பற்றாது. பிரேக் பிடித்தும் வண்டி நிற்க நேரமாகும். சைலென்சரைக் கழற்றி எழுப்பும் பேரொலியால் வண்டிக்கு ஒரு நன்மையும் இல்லை. தூங்கும் குழந்தைக்கும், நோயுற்ற முதியவருக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் துன்பம் மட்டுமே.

சட்டமும் இதனை ஒட்டியே செல்கிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரள வழக்கு ஒன்றில், இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறத்தை மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் பதியச் செய்தல் வேண்டும். முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உட்புக விடவேண்டும் என்பதும் விதி. பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம்.

அப்படியாயின் மாற்றமே கூடாதா? கூடும். மங்கிய விளக்குக் கண்ணாடியைத் துலக்குதல், தேய்ந்த டயருக்குப் பதில் உரிய அளவுள்ள புதிய டயரைப் போடுதல், பின்னிருக்கையில் பாதுகாப்புப் பட்டை இல்லாத பழைய வண்டியில் அதற்கென அமைந்த உறுதியான இடத்தில் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு அதனைப் பூட்டுதல் ஆகியவை போற்றத்தக்க மாற்றங்கள். இவை ஊரார் கண்ணில் படமாட்டா, உயிரைக் காக்கும்.

கழனி நாட்டின் தனிக் கவலைகள்

காவிரிக் கடைமடையில் கார் வைத்திருப்போருக்கென்றே சில கவலைகள் உண்டு.

முதலாவது துரு. கடல் அருகில் இருப்பதால் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. கதவுகளின் அடிப்பகுதியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை சேற்றால் அடைபட்டால், தேங்கும் நீர் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். ஒரு குச்சியால் அவற்றைத் திறந்து வைக்கலாம். கால்விரிப்பை எடுத்து உலர்த்துதலும், வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவுதலும் இன்றியமையாதன. துருவின்மேல் வண்ணம் பூசி மறைத்தல் வெள்ளையடித்த கல்லறைக்கு ஒப்பாகும். துருவைச் சுரண்டி நீக்கிய பின்னரே டிங்கர் வேலையும் பூச்சும் நடைபெறவேண்டும்.

இரண்டாவது எலி. அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் வீட்டோரம் ஒதுங்கும். எஞ்சினின் கதகதப்பில் தங்கி, மின்கம்பிகளைக் கடித்துக் குதறும். சில நாள் நின்ற வண்டியை ஓட்டுமுன் பானெட்டைத் திறந்து பார்த்தல் நலம். தின்பண்டத் துணுக்குகளை வண்டிக்குள் விட்டுவைக்கலாகாது.

மூன்றாவது வைக்கோல். தை, மாசியில் நெல்லும் வைக்கோலும் சாலையிலேயே காயும். வைக்கோல் மீது வண்டியைச் செலுத்தினால் அது சுழலும் அச்சில் சுற்றிக்கொள்ளும்; சைலென்சர் குழாயின் வெப்பத்தால் தீப்பற்றும். புகைநாற்றம் தோன்றின் உடனே நிறுத்தி, அனைவரையும் இறக்கிவிடுக. வைக்கோல் மேல் வண்டியை நிறுத்துதல் ஒருபோதும் வேண்டா.

நான்காவது வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய நீரில் வண்டி நின்றுபோனால் மீண்டும் மீண்டும் சாவியைத் திருகலாகாது. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க இயலாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருப்பின், இயங்க முற்படும் எஞ்சினின் தண்டே வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, மெக்கானிக்கை அழைப்பதே அறிவுடைமை.

சனிக்கிழமை மாலை

வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் போதும். டயர்களின் காற்றழுத்தத்தை ஸ்டெப்னியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதனை மாற்றியாகவேண்டும். எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் நீர், பிரேக் ஆயில் ஆகியவற்றின் அளவையும், எல்லா விளக்குகளும் எரிகின்றனவா என்பதையும் கவனிக்கவேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அளவு குறையாவிடினும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று.

எச்சரிக்கைகளும் உள. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுதல் உயிருக்கு உலை வைக்கும். உறுதியான தாங்கிகளை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்த பின்னரே குனியவேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. பிரேக் தூசியை வாயால் ஊதக்கூடாது; பழைய வண்டிகளில் அது கல்நார் கலந்ததாக இருக்கலாம். கழித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றுதல் அயலாரின் வயலில் நஞ்சிடுவதற்கு நிகர். புட்டியில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைக்கலாம். பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் பழுதை மட்டும் கைப்பழக்கத்துக்கு விடாமல், அனுபவமுள்ள மெக்கானிக்கின் மேற்பார்வையிலேயே சீராக்கவேண்டும்.

திருத்தந்தையின் சிறு கார்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் குருமாணவர், துறவுப் பயிற்சியினர் ஆகியோரிடையே பேசுகையில், புத்தம் புதிய ஆடம்பரக் காரில் செல்லும் குருவையோ கன்னியரையோ காண்பது தமக்கு வருத்தம் தருகிறது என்றும், எளிய வண்டியே போதும் என்றும், பசியால் மடியும் குழந்தைகளை எண்ணிப் பார்க்குமாறும் கூறினார். இரண்டு மாதங்களுக்குப் பின், இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த அருள்தந்தை ரென்சோ சோக்கா, எளியோர் வாழும் பகுதியில் தாம் பணிக்குப் பயன்படுத்திய 1984-ஆம் ஆண்டு ரெனோ 4 காரை அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார். மூன்று இலட்சம் கிலோமீட்டர் ஓடிய அந்தச் சிறு கார், பராமரிப்பின் துணையால் அன்றும் ஓடும் நிலையில் இருந்தது.

சாலைப் பயணம் பற்றி 2007 ஜூன் 19-ஆம் நாள் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகள் இடம்பெற்றுள்ளன. கொலை செய்யாதே என்பதே அவற்றுள்ளும் முதலாவது. கார் நம் ஆற்றலையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகிப் பாவத்துக்கு வாயிலாகக் கூடாது என்பதும், சாலையில் வலிமை குறைந்தோரைக் காக்கவேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். சாலையில் நடந்து செல்பவரைவிட வலிமை குறைந்தவர் யார்?

நம் குடும்பங்களில் காரை மந்திரித்து, புனித கிறிஸ்தோபர் படத்தையோ அன்னையின் சுரூபத்தையோ வைக்கும் நல்வழக்கம் உண்டு. அது தொடரட்டும். ஆனால் தேய்ந்த டயருக்கும் பிடிக்காத பிரேக்குக்கும் அப்படம் ஈடாகாது. வானதூதர் தாங்குவர் என்று கூறி ஆலய முகட்டிலிருந்து குதிக்கச் சொன்னவன் சோதிப்பவனே; ஆண்டவர் அதற்கு இணங்கவில்லை. பார்வையை மறைக்கும் வண்ணம் கண்ணாடி முன் செபமாலையைத் தொங்கவிடுதலும் தவிர்க்கத்தக்கது.

பெற்றோருக்கு ஒரு சொல்

கார் மீது ஆர்வமுள்ள மகனுக்கோ மகளுக்கோ மூன்று நிபந்தனைகள் விதியுங்கள். மாதச் செலவைக் கணக்கேட்டில் எழுதவேண்டும். கடன் வாங்கி அலங்காரம் செய்தல் கூடாது. உயிர்காக்கும் வேலைகள் அனைத்தும் முடிந்த பின்னரே அழகு வேலைகள் தொடங்கவேண்டும். ஞாயிறு திருப்பலிக்கும் குடும்பத்துக்கும் உரிய நேரத்தைக் கார் கவர்ந்துகொள்ளலாகாது. இவற்றை ஏற்றுக்கொண்டால், தந்தையரே, நீங்களும் அவர்களோடு அமர்ந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதற்கு, கைகள் ஒரே வேலையில் ஈடுபட்டிருக்கும் வேளையினும் நல்ல வேளை வேறில்லை.

பட்டறையில் பழகும் பொறுமையும், சிறு ஒலியிலேயே பழுதை உணரும் கவனமும், எறிந்துவிடாமல் சீர்செய்யும் மனமும் நாளை அவர்கள் அமைக்கும் இல்லறத்துக்கும் உதவும். இன்று மாலையே டயரைப் பாருங்கள், விளக்கைத் துடையுங்கள், பிரேக்கைச் சோதியுங்கள். முன்பின் அறியாத யாரோ ஒருவர் இன்றிரவு நலமாய் வீடு சேர்வதற்கு அதுவே காரணமாகலாம்.