‘2’ஐ அழுத்திப் பிடிங்க, அக்கா

முதலில் கூட்டத்தின் போன் நம்பர், 10 இலக்கம். பிறகு மீட்டிங் ஐ.டி. 11 இலக்கம், ஒரு ஹாஷ். பங்கேற்பாளர் எண் உண்டா என்று ஒரு பதிவுக் குரல் கேட்கும். இல்லையென்றால் இன்னொரு ஹாஷ். அப்புறம் 6 இலக்கக் கடவு எண், மறுபடி ஹாஷ். கூட்டிப் பாருங்கள். சாதாரண போனிலிருந்து ஒரு ஜூம் கூட்டத்துக்குள் போக முப்பது முறை பட்டன் அழுத்த வேண்டும். ஒன்று தப்பினால் அந்தக் குரல் திரும்பக் கேட்கும். அந்தப் பதற்றத்தில் அடுத்ததும் தப்பும்.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வெளியூர் நம்பரைச் சொல்லிவிட்டு நீங்கள் ரிசீவரை வைத்துவிடலாம், லைன் பிடித்துக் கொடுப்பது எங்கள் பாடு. 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே எஸ்.டி.டி. வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலை சந்தாதாரரின் விரலுக்குப் போனது. போகட்டும், காலம் அது. ஆனால் கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்திருக்கும் ஒரு சீனியர் அக்காவிடம் முப்பது பட்டன் அழுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஸ்மார்ட்போன் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள் பிள்ளைகள். எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர் டேட்டா நிற்காத ஊர்களில் இருக்கிறார்கள். அங்கேயும் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும். ஜி.எஸ்.எம். குரலுக்கு நொடிக்கு 13 கிலோபிட் போதும். இருவர் பேசும் நல்ல வீடியோவுக்கே ஜூம் 600 கிலோபிட் கேட்கிறது.

நாம் அழுத்தும் எண் மறுமுனைக்கு ஒலியாகத்தான் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சுருதி. ‘5’ என்றால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். பேச்சுக் குரலோ தெரு இரைச்சலோ தற்செயலாக அந்த ஜோடியை எழுப்புவது அபூர்வம் என்பதால் இப்படி வைத்தார்கள். அமெரிக்காவில் 1963-ல் வந்த ஏற்பாடு. விரல் அழுத்தியதா, போனே தன் நினைவிலிருந்து அனுப்பியதா என்று மறுமுனைக் கணினிக்குத் தெரியாது. அப்புறம் அக்கா எதற்கு அழுத்த வேண்டும்?

ஜூம் அழைப்பிதழில் ‘ஒன் டேப் மொபைல்’ என்று ஒரு வரி இருக்கும். போன் நம்பர், ஐ.டி., கடவு எண் எல்லாம் நடுவில் கமாக்களோடு ஒரே சரமாக வரும். ஒவ்வொரு கமாவுக்கும் போன் இரண்டு விநாடி போல நிறுத்தி நிதானித்து, அடுத்ததை அனுப்பும். பட்டன் நோக்கியாவிலும் இது நடக்கும். அதில் கமாவுக்குப் பதில் ஆங்கில ‘பி’ எழுத்து. ஸ்டார் பட்டனை அடுத்தடுத்துத் தட்டினால் ‘+’ வந்து, அடுத்து ‘பி’ வரும். முழுச் சரத்தையும் ‘கூட்டம்’ என்ற பெயரில் சேமித்து, ஸ்பீடு டயலில் 2-க்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். அக்காவின் பேரன் ஒரு தடவை உட்கார்ந்து செய்தால் போதும். அதன்பிறகு ‘2’ஐ அழுத்திப் பிடித்தால் கூட்டத்தில் இருப்பார்.

இதற்கு நடத்துகிறவரும் ஒத்துழைக்க வேண்டும். மாதாமாதம் புது ஐ.டி. உருவாக்கினால் சேமித்தது வீண், ஒரே ஐ.டி.யையே தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். எண் +1 என்று தொடங்கினால் அது ஐ.எஸ்.டி., சாதாரண ரீசார்ஜில் அடங்காது. உள்நாட்டு எண் கிடைக்கும் திட்டத்துக்குச் சங்கம்தான் பணம் கட்ட வேண்டும், பென்ஷன்காரர் அல்ல.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கூட்டத்துக்குள்ளிருந்தே ஒருவருடைய போனுக்கு அழைத்து அவரைச் சேர்த்துக்கொள்ளும் வசதி ஜூமிலும் டீம்ஸிலும் உண்டு, அதற்கேற்ற கட்டணத் திட்டம் இருந்தால். மணி அடிக்கும், அக்கா எடுப்பார், ‘1’ அழுத்தச் சொன்னால் அழுத்துவார். நாங்கள் அந்தக் காலத்தில் செய்த வேலையேதான்! காசுக்கு வழியில்லாத சங்கம் சாதாரண மொபைலின் கான்ஃபரன்ஸ் காலைப் பயன்படுத்தலாம். வழக்கமாக ஐந்து பேர்வரை இணைக்க முடியும்.

ஜூம் கூட்டத்துக்குள் வந்தபின் ஸ்டார் 6 அழுத்தினால் மியூட் போகும், திரும்ப அழுத்தினால் வரும். ஸ்டார் 9 கை தூக்க. வெயிட்டிங் ரூமில் பெயரில்லாமல் வெறும் எண்ணாகத் தெரிகிறவரை யாரோ என்று வெளியே நிறுத்திவிடாதீர்கள், பெயரை மாற்றிப் போடுங்கள். பொருளாளர் திரையில் கணக்கைக் காட்டி “இதோ பாருங்க” என்றால் போனில் இருக்கிறவர் எதைப் பார்ப்பார்? வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வாய்விட்டுப் படியுங்கள்.