திரையில் தெரியும் இருப்புத் தொகை

‘பணம் அனுப்பியாயிற்று, செயலியில் இருப்பு ஏன் குறையவில்லை?’ என வாடிக்கையாளர்கள் எங்களிடம் வினவுவதுண்டு. திரையில் தெரிவது கணக்கேடு அன்று, அதன் நிழலே. ஏட்டில் தொகை மாறும்போது திரையும் தானே மாறுமாறு இணைப்பதை, திருவனந்தபுரத்தில் 1990-இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க் போன்ற இடங்களில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர்கள் ‘டேட்டா பைண்டிங்’, அதாவது தரவுப் பிணைப்பு என்பர்.

இதற்கு இரண்டு தேவை. திரையிலுள்ள கட்டம், தான் காட்ட வேண்டிய தரவின் பெயரைச் சரியாகக் கொண்டிருக்க வேண்டும். தரவு மாறியதும் அது திரைக்கு அறிவிக்கப்பட வேண்டும். பெயரில் ஓரெழுத்து பிழைத்தாலும் கட்டம் வெறுமையாக நிற்கலாம். அறிவிப்பு தவறினால் பழைய தொகையே நீடிக்கும். எச்சரிக்கை ஏதும் தோன்றாமலும் போகலாம்.

ஆகவே, இருப்பு குறையவில்லை என்று மீண்டும் பணம் அனுப்பிவிடாதீர்கள். திரையைப் புதுப்பித்து, பரிவர்த்தனைப் பட்டியலைச் சரிபாருங்கள். ஐயம் நீங்காவிடில் கிளையை அணுகுங்கள். கணக்கேட்டைப் பார்த்து விளக்குவோம்.