லயத்து வீட்டு டீவியில் இணையக் காணொளி



ஹட்டனிலோ நுவரெலியாவிலோ லயத்து வீட்டில் இருக்கும் டீவி ஸ்மார்ட் டீவியாக இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். அதில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலே இணையக் காணொளி பார்க்கலாம்.

இதற்கு உதவுவது, 2012இல் பிரிட்டனில் அறிமுகமான ராஸ்பெரி பை என்ற, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி. மெமரி கார்டு ஒன்றில் லிப்ரெஎலெக் என்ற இலவச மென்பொருளைப் பதிந்து அந்தக் கணினியில் செருகி, அதை டீவியின் எச்டிஎம்ஐ துளையுடன் இணையுங்கள். காணொளிகளைக் காட்டும் கோடி என்ற மென்பொருளின் திரை டீவியில் விரியும். அது திறந்த மூல மென்பொருள். மெனுவைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான டீவிகளில் பழைய ரிமோட்டே இதற்கும் வேலை செய்யும்.

கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டே இணைய இணைப்புக்குப் போதும். டேட்டா சீக்கிரம் தீராமலிருக்க, காணொளித் தரத்தை 480pக்குக் குறையுங்கள்.

மழைக்காலத்தில் சிக்னல் விட்டு விட்டு வருகிறதா? டவுனுக்குப் போகும்போது பிள்ளைகளின் பாடக் காணொளிகளைப் பென்டிரைவில் ஏற்றி வாருங்கள். கோடி இணையமின்றியே அவற்றைக் காட்டும். வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கலாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கோடி தன்னுடன் படமோ சேனலோ தருவதில்லை. "எல்லாச் சேனலும் இலவசம்" என்று சொல்லி விற்கும் பெட்டிகளை வாங்கி ஏமாறாதீர்கள்.